ஓய்வூதிய ஆலோசகர்: எங்கிருந்து வந்தார், யாருக்காகப் பேசுகிறார்?

பிரித்தானியாவிலே ஓரளவு பெரிய நிறுவனமொன்றில் வேலைக்குச் சேரும் எம்மவரின் கையில் முதல் வாரத்திலேயே ஒரு கடதாசிக் கட்டுத் தரப்படுகின்றது. வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விபரம் கேட்கும் படிவம், தீ விபத்து நேர்ந்தால் எந்த வாயிலால் வெளியேறுவது என்ற அறிவுறுத்தல் ஆகியவற்றுக்கு அடியிலே பளபளப்பான அட்டையுடன் ஒரு சிறு கைந்நூல் இருக்கும். இப்போது அது கணினித் திரையில் வருவதும் உண்டு. ஓய்வூதியம், இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை, நீண்டகால நோயின்போது கிடைக்கும் சம்பளம் ஆகியன அதில் விளக்கப்பட்டிருக்கும். எம்மவருள் பலர் அதனைப் பத்திரமாக ஒரு பையில் வைத்துவிட்டு இரவு வேலைக்குப் போய்விடுகின்றனர்.

அக்கைந்நூலில் உள்ள திட்டத்தை வகுத்தவர் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் முதலாளி அல்லர். வெளியிலிருந்து கட்டணம் பெற்று வரும் ஆலோசகர் ஒருவர் அதனை வகுத்திருப்பார். மனிதவள ஆலோசகர், ஊழியர் நலன் ஆலோசகர், ஓய்வூதிய ஆலோசகர் எனப் பல பெயர்களில் இவர்கள் அறியப்படுகின்றனர். இவர்களுள் மூத்தவர்களை அறிமுகப்படுத்துகையில் ஆலோசனை நிறுவனங்கள் ஒரு சிறு குறிப்பை வெளியிடுவது வழக்கம். எத்தனை ஆண்டு அனுபவம், முன்னர் எந்த நிறுவனங்களில் பணி, பெயருக்குப் பின்னால் என்னென்ன எழுத்துகள் என்பன அக்குறிப்பில் அடங்கும். கல்வியுலகில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நூலொன்றைக் கையில் எடுத்தால் அதன் ஆசிரியர் யார், எந்த மரபில் பயின்றவர் என்பதை முதலில் பார்ப்பார்கள். எமது முதுமைக் காலத்துச் சோற்றைத் தீர்மானிக்கும் ஒரு திட்டத்தை எழுதியவர் விடயத்திலும் அப்பழக்கம் எமக்கு வேண்டும்.

இதனை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 1980களிலும் 1990களிலும் இளைஞராக இங்கு வந்திறங்கியோர் இன்று ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருக்கின்றனர். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, அரச ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறுவதற்குப் பொதுவாக 35 ஆண்டுகாலத் தேசியக் காப்புறுதிப் பதிவு வேண்டும். குறைந்தது 10 ஆண்டுகள் இல்லையெனில் எதுவுமே கிடையாது. வயது முதிர்ந்து வந்தவர்களுக்கும், வேலை செய்ய அனுமதியின்றி அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தவர்களுக்கும், கையிலே காசாகச் சம்பளம் வாங்கியவர்களுக்கும் அந்தப் பதிவில் ஓட்டைகள் இருக்கக்கூடும். அவற்றை ஓரளவேனும் அடைக்கக்கூடியது தொழில்தருநர் வழியாக வரும் ஓய்வூதியமே.

ஊரில் காணாத உத்தியோகம்

இலங்கையில் தனியார்துறையில் வேலை செய்தோருக்கு ஊழியர் சேமலாப நிதி நன்கு தெரிந்த ஒன்று. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அது நிறுவப்பட்டது. இன்றைய விதிப்படி ஊழியர் தமது சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். நிதியை முகாமை செய்வது மத்திய வங்கி. அங்கே விதியும் ஒன்று, நிதியும் பெரும்பாலும் ஒன்று. எனவே இடையில் ஓர் ஆலோசகருக்கு வேலையில்லை.

பிரித்தானியாவின் வரலாறு வேறு. இங்கே 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 70 வயதைக் கடந்த வறியோருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை அரசு வழங்கத் தொடங்கியது. அதற்கு மேலானதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டது. நிறுவனத்துக்கொரு நிதி, நிதிக்கொரு விதி என்றானபோது அவற்றைக் கணக்கிடவும், சட்டத்துக்கு அமைய எழுதவும், ஊழியருக்கு விளக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர். அத்தேவையிலிருந்தே இத்தொழில் வளர்ந்தது. அது ஒரே ஊற்றிலிருந்து வந்த ஆறன்று.

கொக்கோத் தொழிற்சாலையின் பிள்ளை

முதலாவது ஊற்று தொழிற்சாலை நலன்புரிப் பணி. வட இங்கிலாந்தின் யோர்க் நகரிலே ரௌன்ட்ரீ குடும்பத்தினரின் கொக்கோத் தொழிற்சாலையில் 1896ஆம் ஆண்டு மேரி வூட் என்னும் பெண்மணி நலன்புரி உத்தியோகத்தராக நியமிக்கப்பட்டார். அங்கு வேலை செய்த இளம் பெண்களின் உடல்நலத்தையும் வாழ்நிலையையும் கவனிப்பது அவரது கடமை. 1913இல் அதே நகரில் கூடிய மாநாடொன்றில் நலன்புரிப் பணியாளர் சங்கம் உருவாயிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில், போர்த் தளபாடத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தபோது, அவர்களின் நலனைக் கவனிக்கும் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்தவரும் அக்குடும்பத்தின் சீபோம் ரௌன்ட்ரீயே. யோர்க் நகரத்து வறுமையை ஆராய்ந்து 1901இல் நூல் வெளியிட்டவர் அவர்.

அச்சங்கத்தின் பெயர் மாறிய வரலாறே அத்தொழில் மாறிய வரலாறு. நலன்புரி என்ற சொல் போய், 1931இல் தொழிலாளர் முகாமைத்துவம் வந்தது. 1946இல் ஆளணி முகாமைத்துவம் ஆனது. 2000ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றபோது அது ஆளணிக்கும் அபிவிருத்திக்குமான நிறுவகமாக நின்றது. அந்நிறுவகமே இன்று சி.ஐ.பி.டி. என்ற எழுத்துகளால் அறியப்படுகின்றது. தொழிலாளியின் நலம் விசாரிக்கப் போனவர், காலப்போக்கில் முகாமையாளரின் மேசைக்கு அருகே கதிரை பெற்றார். இதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. சம்பளம் கொடுப்பவரின் பக்கம் தொழில் மெல்ல மெல்லச் சாய்வது இயல்பு. அச்சாய்வை அறிந்திருக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

மரணத்தைக் கணக்கிட்டவர்கள்

இரண்டாவது ஊற்று கணிதம். ஆங்கிலத்தில் 'அக்சுவரி' எனப்படும் ஆயுட்கணிப்பாளர், ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் எத்தனை வயது வரை வாழக்கூடும் என மதிப்பிட்டு, அதற்கு இன்று எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் எனச் சொல்பவர். ஸ்கொத்லாந்தில் 1744இல் மதகுருமாரின் விதவைகளுக்காக ஏற்படுத்தப்பட்ட நிதி இத்தகைய கணிப்பின் மீது எழுந்த முன்னோடி அமைப்புகளில் ஒன்று. அதனை வகுத்தோர் ரொபேர்ட் வொலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்னும் இரு மதகுருமார். கணிதப் பேராசிரியர் கொலின் மக்லோரின் அவர்களுக்குத் துணைநின்றார்.

லண்டனில் ஜேம்ஸ் டொட்சன் என்ற கணித ஆசிரியருக்கு 45 வயதைத் தாண்டிவிட்டார் என்ற காரணத்தால் ஆயுட் காப்புறுதி மறுக்கப்பட்டது. வயதுக்கேற்பக் கட்டணம் அறவிட்டால் எவரையும் மறுக்க வேண்டியதில்லை என அவர் கணக்கிட்டுக் காட்டினார். அவர் மறைந்த பின், 1762இல் அக்கணக்கின் வழியே எக்குயிட்டபிள் சங்கம் தோன்றியது. 1848இல் லண்டனிலும் 1856இல் எடின்பரோவிலும் ஆயுட்கணிப்பாளருக்கான நிறுவகங்கள் அமைந்தன. 2010இல் அவை இரண்டும் ஒன்றாயின. பெயருக்குப் பின்னால் எஃப்.ஐ.ஏ. என்ற எழுத்துகளைக் கண்டால், வேலை செய்துகொண்டே பல ஆண்டுகள் கடினமான பரீட்சைகளுக்குத் தோற்றிச் சித்தியடைந்தவர் என அறியலாம்.

மூன்றாவது ஊற்று காப்புறுதித் தரகு. நிறுவனங்களுக்குக் காப்புறுதி விற்றுத் தரகு பெற்றவர்களே, நாளடைவில் ஓய்வூதியமும் மருத்துவக் காப்புறுதியும் சேர்ந்த முழுத் திட்டங்களை வகுத்துக் கொடுப்போராயினர். நான்காவது ஊற்று சட்டமும் கணக்கியலும். வரிச் சலுகை இன்றேல் இத்திட்டங்கள் நில்லா. எனவே சட்டத்தரணிகளும் கணக்காளரும் இத்துறைக்குள் வந்தனர். 1976இல் ஓய்வூதிய முகாமைத்துவத்துக்கெனத் தனி நிறுவகமே தோன்றிப் பரீட்சைகளை நடத்தலாயிற்று.

இன்றைய பேராலோசனை நிறுவனங்கள் இவ்வூற்றுகள் கலந்த சங்கமங்களே. 1878இல் றூபன் வொட்சன் தொடங்கிய ஆயுட்கணிப்புப் பணியகம், பல இணைப்புகளின் பின் 2016இல் வில்லிஸ் என்னும் காப்புறுதித் தரகு நிறுவனத்துடன் சேர்ந்தது. கனடாவில் 1945இல் வில்லியம் மேர்சர் நிறுவிய ஆலோசனை நிறுவனத்தை 1959இல் ஓர் அமெரிக்கக் காப்புறுதித் தரகுக் குழுமம் வாங்கியது. அமெரிக்காவில் 1940இல் எட்வின் ஹியூவிற் தொடங்கிய நிறுவனம் 2010இல் ஏஓன் என்னும் மற்றொரு தரகுக் குழுமத்தின் கைக்குச் சென்றது. எனவே இன்று ஒரே ஆலோசகரின் அனுபவக் குறிப்பிலேயே கணிதரின் மரபும் தரகரின் மரபும் அருகருகே காணப்படுவது வியப்பன்று.

திறமை வேறு, கடமை வேறு

அனுபவக் குறிப்பு ஒரு கேள்விக்கு மாத்திரமே விடை தருகின்றது. இவர் திறமைசாலியா என்பதே அக்கேள்வி. இவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வியை அது தொடுவதில்லை. இவ்விரண்டாவது கேள்வியைக் கேட்காததால் நேர்ந்த துயரங்களுக்குக் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று பெரிய சான்றுகள் உண்டு.

பத்திரிகை அதிபர் ரொபேர்ட் மக்ஸ்வெல் 1991 நவம்பரில் கடலில் இறந்தபின், அவரது குழுமத்து ஓய்வூதிய நிதிகளிலிருந்து 400 மில்லியன் பவுண்களுக்கு மேல் எடுக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. ஏறத்தாழ 30,000 பேரின் முதுமைக்காலம் கேள்விக்குறியானது. அந்நிதிகளைச் சூழப் பட்டம் பெற்ற நிபுணர்கள் இல்லாமற் போகவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய வேளையில் சொல்லும் கடமை அவர்களுக்குத் தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. பேராசிரியர் ரோய் கூட் தலைமையிலான குழுவின் 1993 அறிக்கையைத் தொடர்ந்து 1995இல் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டது. நிதியின் ஆயுட்கணிப்பாளரையும் கணக்காய்வாளரையும் நியமிக்க வேண்டியவர் தொழில்தருநர் அல்லர், நிதியின் நம்பிக்கைப் பொறுப்பாளரே என அச்சட்டம் விதித்தது. முறைகேடு கண்டால் அதிகாரசபைக்கு அறிவிப்பது அவ்விருவரின் சட்டபூர்வமான கடமையாயிற்று. திறமையோடு கடமையையும் சேர்த்துக் கட்டிய சட்டம் அது.

இரண்டாவது சான்று தரகுப் பணத்தைப் பற்றியது. 1988 முதல் 1994 வரையான காலத்தில் தாதியர், ஆசிரியர், சுரங்கத் தொழிலாளர் எனப் பெருந்தொகையானோர் தமது தொழில்தருநரின் நல்ல ஓய்வூதியத் திட்டத்தைக் கைவிட்டுத் தனிநபர் திட்டங்களில் சேருமாறு தூண்டப்பட்டனர். தூண்டிய முகவருக்கு விற்பனையில் தரகு இருந்தது. நட்டஈடாகப் பின்னர் வழங்கப்பட்ட தொகை 10 பில்லியன் பவுண்களைத் தாண்டியது. ஆயினும் முதலீட்டுப் பொருள்களை விற்பதற்காகத் தனிநபர் ஆலோசகர் தரகு பெறுவது 2012ஆம் ஆண்டின் முடிவிலேயே தடை செய்யப்பட்டது.

மூன்றாவது சான்று அண்மையது. வேல்ஸ் நாட்டின் போர்ட் டல்பொட் உருக்கு ஆலையைச் சேர்ந்தோர் உள்ளிட்ட பிரித்தானிய உருக்கு ஓய்வூதியத் திட்டத்தினர், 2017இல் குறுகிய காலத்துக்குள் ஒரு முடிவெடுக்குமாறு கேட்கப்பட்டனர். ஏறத்தாழ 8,000 பேர் உறுதியான ஓய்வூதியத்தை விட்டுப் பணத்தை வேறிடத்துக்கு மாற்றினர். ஆலோசகர் பலருக்குப் பணம் மாறினால் மாத்திரமே கட்டணம். ஆராயப்பட்ட ஆலோசனைகளுள் 46 வீதமானவை பொருத்தமற்றவை எனக் கண்காணிப்பு அதிகாரசபை பின்னர் கண்டறிந்தது. அவ்வகைக் கட்டண முறையைப் பெரும்பாலும் தடைசெய்யும் விதி 2020 ஒக்டோபரில் வந்தது. உருக்கை உருக்கி வார்க்கத் தெரிந்த மனிதர்கள், ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்கள், இவ்வாறு ஏமாந்தனர் என்றால், இரவல் மொழியில் வாழும் எம்மவர் எத்தனை மடங்கு விழிப்பாக இருக்க வேண்டும்!

கேட்க வேண்டியவை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது எமது மூத்தோர் வாக்கு. ஓய்வூதிய ஆலோசகர் ஒருவர் வேலைத்தலத்துக்கு வந்து கூட்டம் நடத்தினாலோ, உறவினர் ஒருவர் தமக்குத் தெரிந்த ஆலோசகரை வீட்டுக்கு அழைத்து வந்தாலோ, மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

முதலாவது, உங்களுக்குக் கட்டணம் தருபவர் யார்? நிறுவனம் தருகின்றது என்றால், அவர் நிறுவனத்தின் ஆலோசகர். அவர் நல்லவராக இருக்கலாம். ஆயினும் எமது சொந்த நிலைமையை எண்ணி எமக்கு ஆலோசனை கூறுவது அவரது பணியன்று. இரண்டாவது, நான் சம்மதித்தாலும் மறுத்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுதானா? மூன்றாவது, எந்த அமைப்பு உங்களைக் கண்காணிக்கின்றது? மனிதவள ஆலோசகர் என எவரும் தம்மை அழைத்துக்கொள்ளலாம். சட்டத் தடை இல்லை. ஆனால் தனிநபருக்கு ஓய்வூதிய முதலீட்டு ஆலோசனை கூறுவோர் நிதி நடத்தை அதிகாரசபையின் அனுமதி பெற்ற நிறுவனத்தின் கீழ் இருத்தல் வேண்டும். அதன் பதிவேட்டை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் அங்கே இல்லையெனில் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவதே நன்று.

இதனோடு, ஆலோசகர் எவரும் இல்லாமலே எமக்குரியதாகச் சட்டம் தந்திருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2012 ஒக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தன்னியக்கச் சேர்ப்பின்படி, 22 வயதுக்கும் அரச ஓய்வூதிய வயதுக்கும் இடைப்பட்ட, ஒரு வேலையில் ஆண்டுக்கு 10,000 பவுண்களுக்கு மேல் உழைக்கும் எவரையும் தொழில்தருநர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தேயாக வேண்டும். குறித்த வரம்புக்குட்பட்ட சம்பளத்தில் குறைந்தது 8 வீதம் நிதிக்குச் சேர வேண்டும். அதில் குறைந்தது 3 வீதம் தொழில்தருநருடையது. இதிலே எம்மவரைப் பாதிக்கும் நுணுக்கம் ஒன்று உண்டு. அந்த 10,000 பவுண்கள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே கணிக்கப்படும். காலையில் துப்புரவு வேலையில் 9,000 பவுண்களும் மாலையில் உணவகத்தில் 9,000 பவுண்களும் உழைக்கும் ஒருவர் இரண்டு இடத்திலும் தாமாகச் சேர்க்கப்படமாட்டார். ஆயினும் ஒரு வேலையில் 6,240 பவுண்களுக்கு மேல் உழைப்பவர் தம்மைச் சேர்க்குமாறு எழுத்தில் கேட்டால், தொழில்தருநர் மறுக்க முடியாது. தம் பங்கையும் செலுத்தியாக வேண்டும். கேட்டவருக்குக் கிடைக்கும், கேளாதவருக்குக் கிடையாது. "பென்சன் வேண்டாம் என்று எழுதித் தந்தால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தருகிறேன்" எனத் தொழில்தருநர் ஒருவர் தூண்டுவாராயின், அது சட்டவிரோதம். அவர் எம்மவராக இருந்தாலும் சட்டம் ஒன்றே.

மேசையின் மறுபுறம்

இத்துறையை ஏமாற்றுக்காரரின் துறையென வாசகர் எண்ணிவிடலாகாது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக முதியோரையும் விதவைகளையும் பட்டினியிலிருந்து காத்த கணக்குகள் இத்துறையினர் போட்டவையே. எமது பிள்ளைகளில் கணிதம் கற்போர் மருத்துவமும் பொறியியலும் மட்டுமே தொழில் என எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணும்படி நாமும் வளர்க்கின்றோம். ஆயுட்கணிப்பு என்றொரு தொழில் இருப்பதையே பல பெற்றோர் அறியார். ஆளணி, ஓய்வூதிய நிருவாகம் ஆகிய துறைகளில் பட்டம் இல்லாதவரும் தொடக்கநிலைப் பரீட்சைகளிலிருந்து படிப்படியாக ஏறிச் செல்லலாம். ஊரிலே எழுதுவினைஞராகவும் கணித ஆசிரியராகவும் இருந்து, இங்கே பண்டகசாலையில் பெட்டி அடுக்குவோருக்கும் அக்கதவு மூடப்படவில்லை.

இன்னுமொரு கதவும் உண்டு. நம்பிக்கைப் பொறுப்பின் கீழ் நடைபெறும் ஓய்வூதியத் திட்டங்களில், பொறுப்பாளருள் மூன்றிலொரு பங்கினராவது உறுப்பினரால் நியமிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதற்குப் பட்டம் தேவையில்லை. ஓய்வூதிய ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இலவசப் பயிற்சி அளிக்கின்றது. கூட்டங்களுக்காகவும் பயிற்சிக்காகவும் சம்பளத்துடன் நேரம் பெறும் உரிமையும் சட்டத்தில் உண்டு. எம்மவர் ஆண்டுக்கணக்காக உழைக்கும் தொழிற்சாலைகளில் இத்தேர்தலுக்கான அறிவித்தல் சுவரிலே தொங்கும்போது, அது எமக்கு உரியதன்று எனக் கடந்து போகின்றோம்.

அந்த மேசையில் ஒருமுறை உட்கார்ந்தால் நிலைமை வேறாகும். பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துகள் இருப்பினும், அந்த மூத்த ஆலோசகர் தம் அறிக்கையைப் பொறுப்பாளர் முன்னிலையில் விளக்கியாக வேண்டும். 2019 டிசம்பர் முதல், முதலீட்டு ஆலோசகர் அடைய வேண்டிய இலக்குகளைப் பொறுப்பாளரே வகுத்துக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி ஒருவர், "இது எனக்கு விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்" எனக் கேட்டால், அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்தமுறை அந்த அறிவித்தல் தொங்கும்போது எம்மவர் ஒருவரின் பெயர் அங்கே எழுதப்படட்டும்.